சின்ன பனியன் யூனிட்டுக்குத் திட்டமிடல் உண்மையில் உதவுமா?

பவர்டேபிள்
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் நாற்பது மெஷின் வைத்து யூனிட் நடத்துகிறேன். இத்தனை நாளும் ஜாப் ஒர்க்தான், அதாவது மற்றவர்கள் ஆர்டருக்குக் கூலிக்குத் தைப்பது. இப்போதுதான் முதல் நேரடி ஏற்றுமதி ஆர்டர் கைக்கு வந்திருக்கிறது. 20,000 டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பையர், அதாவது வாங்குபவர், ஐரோப்பியக் கம்பெனி. கப்பல் தேதி நவம்பர் 18.

தம்பி எம்.பி.ஏ. முடித்தவன். "முதல்ல பிளான் போட்டுட்டு அப்புறம் நூல் வாங்கலாம்ணா" என்கிறான். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இந்த ஊரில் எதைத் திட்டமிட முடிந்திருக்கிறது? 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடின. கையில் ஆர்டர் வைத்திருந்தவர்கள் சாயம் போட லூதியானா வரை துணியை அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் ஊரே கடையடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இதில் எதை யார் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க முடியும்?

வாதம் பண்ணுவதற்காகக் கேட்கவில்லை. இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் ஜாப் ஒர்க்கிலிருந்து வெளியே வந்துவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன்.

ஷிப்மென்ட்_டேட்
வாழ்த்துகள் அண்ணா. நான் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைக் கப்பல் ஏறும்வரை தொடர்ந்து கவனிக்கும் வேலை, இதே ஊர்தான். நீங்கள் சொன்ன நாலு சம்பவத்தையும் யாராலும் எழுதி வைத்திருக்க முடியாது, அது சரி. ஆனால் நான் பார்த்தவரை ஆர்டர் தாமதமாவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பெரிய காரணத்தால் இல்லை. லேப் டிப், அதாவது பையருக்கு அனுப்பும் சாய மாதிரித் துணி, அதன் அப்ரூவல் ஒரு வாரம் தள்ளிப்போகும். வாஷ் கேர் லேபிள் வந்திருக்காது. அட்டைப்பெட்டி அளவு மாறியிருக்கும். இவை எல்லாமே முன்னாலேயே தெரிந்த வேலைகள். என்றைக்குள் முடிய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்காததுதான் பிரச்சினை.

எங்கள் தொழிலில் பிளானைக் கடைசியிலிருந்து போட வேண்டும். உங்கள் ஆர்டரையே எடுத்துக்கொள்கிறேன்.

கப்பல் 18 என்றால் தூத்துக்குடியில் சரக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக உள்ளே போயிருக்க வேண்டும். அங்கிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பலில் ஏறுகிற சரக்கு என்றால் அந்த இணைப்பும் தவறக்கூடாது. ஆக, லாரி 14-ஆம் தேதி கிளம்ப வேண்டும். அதற்கு முன் பையரின் இன்ஸ்பெக்‌ஷன். அது ஃபெயில் ஆனால் மறுபடி செக் பண்ண மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும். அப்படியானால் பேக்கிங் 10-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும்.

தையலுக்கு வருவோம். நாற்பது மெஷினை இரண்டு லைனாக (தையல் வரிசையாக) போட்டால், சாதாரண டி-ஷர்ட்டில் நன்றாக ஓடும் நாளில் 1,600 பீஸ் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் அதில் பாதிதான் வரும். 20,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் வருவது பன்னிரண்டரை நாள். அப்படியே எழுதினால் அங்கேயே தப்பு. ஞாயிறு, முதல் நாட்களின் மந்தம் எல்லாம் சேர்த்துப் பதினேழு பதினெட்டு நாள் போடுங்கள். அப்படியானால் லைனில் முதல் பீஸ் அக்டோபர் 22-க்கு ஏற வேண்டும். 19-ஆம் தேதி கட்டிங். 17-க்குத் துணி உங்கள் கோடவுனில் இருக்க வேண்டும். காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்துவது), சுருக்கம், கலர் டெஸ்ட் மூன்று நாள். டையிங்குக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதற்கு முன் நிட்டிங், அதாவது நூலைத் துணியாகப் பின்ன, ஐந்தாறு நாள். இப்படிப் பின்னோக்கிப் போனால் நூல் செப்டம்பர் 24 வாக்கில் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் எந்தத் தேதி நகரும், எந்தத் தேதி நகரவே நகராது என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பிரிப்புதான் திட்டம். மற்றதெல்லாம் எக்செல்.

பழைய_பஸ்ஸ்டாண்ட்
கேட்க நன்றாக இருக்கிறதுங்க. ஆனால் இதே சார்ட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் பார்த்தேன். சார்ட் முழுக்கப் பச்சை. கீழே லைனில் டெய்லர்கள் கட்டிங் பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பையர் ஆபீசிலிருந்து ஆள் வரும் நாளுக்கு முந்தின இரவு ஒரு பையனை உட்காரவைத்து எல்லாத் தேதியையும் நிரப்புவார்கள். அங்கே பிளான் என்பது பையருக்குக் காட்ட ஒரு காகிதம், அவ்வளவுதான். தளத்தில் இருக்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

அதனால் எனக்கு ஒரே ஒரு கேள்வி. பிளானை மாற்றும் அதிகாரம் யாரிடம்? பிரிண்டிங்கிலிருந்து பாடி பீஸ் வரவில்லை என்று தெரிந்ததும் லைன் சூப்பர்வைசரே அடுத்த ஸ்டைலை ஏற்றலாமா, இல்லை முதலாளி போனை எடுக்கும்வரை நாற்பது பேர் சும்மா இருக்க வேண்டுமா? இதற்குப் பதில் இல்லாத பிளானை நான் நம்ப மாட்டேன்.

சாயப்பட்டறை
ஷிப்மென்ட்_டேட், உங்கள் கணக்கில் 'டையிங்குக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்தப் பக்கம் இருப்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2011-க்குப் பிறகு எங்கள் தொழிலே மாறிவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒவ்வொரு பட்டறையும் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் அனுப்பலாம் என்று அளவு உண்டு. பார்ட்டி வந்து 'அவசரம், ராத்திரி சேர்த்து ஓட்டுங்க' என்று கெஞ்சினாலும் அந்த அளவைத் தாண்டி எங்களால் ஓட்ட முடியாது. மெஷின் காலியாக இருக்கும், ஓட்ட வழி இருக்காது. இது பல எக்ஸ்போர்ட்டர்களுக்கே தெரியாது.

இரண்டாவது, லாட், அதாவது ஒரு தடவை மெஷினில் போடும் துணி. பத்தாயிரம் கறுப்பு டி-ஷர்ட்டுக்குப் பீஸுக்கு 200 கிராம் என்று போட்டால் 2,000 கிலோ துணி. சேதாரம் சேர்த்து 2,200 கிலோ கோரா, அதாவது சாயம் போடாத துணி, வரும். எங்களிடம் 500 கிலோ பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின். நாலு லாட் போக 200 கிலோ மிச்சம். அந்த 200 கிலோவைத் தனியாகச் சின்ன மெஷினில் போட வேண்டும். கறுப்பு என்று பெயர்தான் ஒன்று. மெஷின் மாறினால் ஷேடும் கொஞ்சம் மாறும். அதைத் தெரியாமல் கட்டிங்கில் கலந்தால் உடம்பு ஒரு கறுப்பு, கை ஒரு கறுப்பு. நிட்டிங் புரோகிராம் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணி 'உங்க மெஷின் கெபாசிட்டி என்ன' என்று கேட்டிருந்தால் நானே லாட்டைச் சமமாகப் பிரித்துச் சொல்லியிருப்பேன். அப்படிக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

நேரமும் அப்படித்தான். கறுப்பு ஒரு லாட் ஏறினால் சோப்பிங் (அலசல்) எல்லாம் முடிந்து இறங்கப் பத்து மணி நேரத்துக்கு மேல். வெள்ளைக்கு ஏறக்குறைய அதில் பாதி. இரண்டையும் ஒரே தேதியில் கேட்காதீர்கள். வெள்ளையை முதலில் வாங்கி லைனில் ஏற்றுங்கள். கறுப்பு பின்னால் வரட்டும்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. எங்களிடம் வருகிற எல்லா ஆர்டரும் 'ரொம்ப அவசரம்' என்றுதான் வருகிறது. நிஜத் தேதியிலிருந்து பத்து நாளைக் கழித்துச் சொல்கிறார்கள். எங்களுக்கும் அது தெரியும். அதனால் நாங்களும் பத்து நாள் சேர்த்துச் சொல்கிறோம். கடைசியில் யார் சொல்லும் தேதியையும் யாரும் நம்புவதில்லை. உண்மைத் தேதியைச் சொல்லி, சொன்ன நாளில் கோராவைக் கொண்டுவந்து இறக்குகிற பார்ட்டிக்கு என் மெஷினில் எப்போதும் இடம் உண்டு.

பவர்டேபிள்
சாயப்பட்டறை அண்ணா, லாட் விஷயம் எனக்குத் தெரியாது. ஜாப் ஒர்க்கில் வெட்டிய துணிதான் எங்களிடம் வரும். ரொம்ப நன்றிங்க.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. தினசரி வேலைக்குத் தேதி போடலாம், ஒப்புக்கொள்கிறேன். பெரிய அடி விழும்போது இந்தத் தேதிகள் எல்லாம் காற்றில் போய்விடுமே?

மேலாண்மை_வகுப்பு
கோவையில் வணிக மேலாண்மை கற்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு மாணவர்களிடம் நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒரு தீ விபத்து.

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்கிற அறையில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. புகையும் தண்ணீரும் அங்கே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன. அந்த ஆலையின் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்று இருவருக்கும் ஒரே செய்திதான் போனது.

நோக்கியா அந்தச் சிப்புகளைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துத் தினமும் விசாரிக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் என்பது பல வாரங்களாகும் என்று புரிந்ததும் ஃபிலிப்ஸின் மற்ற ஆலைகளையும் வேறு சப்ளையர்களையும் பிடித்தது. எரிக்சன் அந்தச் செய்தியை அப்படியே எடுத்துக்கொண்டது. சில சிப்புகளுக்கு அவர்களிடம் இரண்டாவது சப்ளையரே கிடையாது. சுமார் 40 கோடி டாலர் விற்பனை கையைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே கைபேசித் தொழிலை சோனியுடன் கூட்டாகச் சேர்க்க வேண்டி வந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த அடி லேசானதல்ல.

தீ வரும் என்று நோக்கியாவும் எழுதி வைக்கவில்லை. எந்தப் பொருள் நின்றால் தொழில் நிற்கும், அதைத் தினமும் யார் பார்ப்பது, வராவிட்டால் யாரிடம் போவது என்பது மட்டும் அங்கே தீர்மானமாகியிருந்தது. பவர்டேபிள் சொன்ன நாலு அடியும் அந்த வகைதான். 2011-இல் பட்டறைகள் மூடியபோது வெளியூர்ப் பட்டறையோடு ஏற்கனவே பழக்கம் வைத்திருந்தவருக்கும், அன்றைக்குத்தான் நம்பரைத் தேட ஆரம்பித்தவருக்கும் ஒரே கஷ்டமாகவா இருந்திருக்கும்?

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்க நிர்வாகி 1916-இல் நிர்வாகத்தின் வேலைகளை ஐந்தாகப் பிரித்தபோது முதலில் வைத்தது முன்னறிந்து திட்டமிடுவதை. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் பல ஆண்டுகள் ஒரு சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். திட்டம் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொன்னவர். அந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை.

பழைய_பஸ்ஸ்டாண்ட்
சார், நோக்கியா ஃபிலிப்ஸின் கழுத்தைப் பிடிக்கலாம். 20,000 பீஸ் ஆர்டர்காரர் யாரைப் பிடிப்பார்? இரண்டாவது பட்டறை வைத்துக்கொள் என்று சொல்வது சுலபம். அங்கேயும் கொஞ்சம் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அவசரத்துக்கு வாசலைத் திறப்பான். சின்ன யூனிட்டுக்கு அந்த அளவு வேலை ஏது?

மேலாண்மை_வகுப்பு
நியாயமான மறுப்பு. எல்லாவற்றுக்கும் இரண்டாவது ஆள் வைக்கச் சின்ன நிறுவனத்தால் முடியாது. பெரிய நிறுவனங்களும் வைப்பதில்லை. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாகூடத் தேர்ந்தெடுத்த பாகங்களுக்கு மட்டும்தான் சில மாத இருப்பு வைக்கச் சொன்னது. கையிருப்பே கூடாது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனி அது. 2021 தொடக்கத்தில் சிப் இல்லாமல் மற்ற கார் ஆலைகள் நின்றபோது அந்த இருப்பு அவர்களைச் சில மாதம் தாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்களும் உற்பத்தியைப் பெருமளவு குறைக்க வேண்டி வந்தது. ஆக, திட்டம் கொடுத்தது சில மாத அவகாசம். தொழிலில் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்று வைக்க முடியும் என்றால் எந்த இடம் என்று பவர்டேபிள் யோசிக்கட்டும். சாயப்பட்டறை எழுதியதைப் படித்தால் பதில் தெரிகிறது.

கணக்கு_நோட்டு
எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். பணத்தின் தேதிகளையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

நூல் 4,400 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 13 லட்சத்துக்கு மேல். மில்காரர்கள் புதுப் பார்ட்டிக்குக் கடன் தர மாட்டார்கள். செப்டம்பரிலேயே கொடுக்க வேண்டும். நிட்டிங், டையிங் கூலி அக்டோபரில். தையல் ஆரம்பித்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம், அது ஒரு நாள்கூடத் தள்ளாது. கப்பல் ஏறிய பிறகு 60 நாள் தவணை என்றால் உங்களுக்குப் பணம் வருவது ஜனவரி 17 வாக்கில். நூலுக்குக் கொடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலு மாதம்.

ஆர்டர் லாபமா நஷ்டமா என்று காஸ்டிங் ஷீட் சொல்லும். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கையில் பணம் இருக்குமா என்று அது சொல்லாது. லாபமான ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டே வட்டிக்கு வாங்கித் தடுமாறுகிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். ஆர்டர் காப்பியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வங்கிக்குப் போய்ப் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிக்கு முன்னால் தரும் கடன், கேளுங்கள். பணம் தேவைப்படும் வாரத்தில் போய் நின்றால் நடக்காது.

சின்னப் பட்டறைகளுக்குத் தர வேண்டிய கூலியையும் இழுக்காதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு அதைத் தாண்டி வருஷக் கடைசியில் பாக்கி வைத்தால், அந்த வருஷம் அதைச் செலவாகக் காட்ட வருமான வரியில் இடமில்லை. 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. தேதிச் சார்ட்டுக்குப் பக்கத்திலேயே வாரவாரியாகப் பணச் சார்ட்டும் ஒன்று வேண்டும்.

லைன்_மாஸ்டர்
இவ்வளவு பேர் எழுதியும் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8.

ஷிப்மென்ட்_டேட் மேடம் நவம்பர் 10-க்குப் பேக்கிங் முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலேயே மதுரை, தேனி, திருநெல்வேலி ஆட்கள் பஸ் ஏறிவிடுவார்கள். போனஸ் கைக்கு வந்த அன்று ராத்திரியே கிளம்பிவிடுவார்கள், அதைத் தப்பும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். திரும்பி லைன் முழுசாக உட்கார ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி கழித்து ஆறாம் நாள் சத் பூஜை. அதை முடிக்காமல் ரயில் ஏற மாட்டார்கள்.

ஆக, காகிதத்தில்தான் நவம்பர் 18. தையல் முடிய வேண்டிய நிஜத் தேதி அக்டோபர் 31. ஒன்றாம் தேதியிலிருந்து மூன்றாம் தேதி வரை அயனிங், பேக்கிங். அதற்குப் பின்னால் எதையும் நம்பாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டிச் சமாளிக்கலாம் என்று எல்லா முதலாளியும் நினைப்பார்கள். எல்லா கம்பெனியும் அதே வாரம் அதையேதான் செய்யும். பக்கத்துக் கம்பெனி பீஸ் ரேட்டை நாலணா ஏற்றினால் பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர் அங்கே போய்விடுவான். துணியை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக்குக்கு ஆள் கிடைக்கும், பேட்லாக்குக்குக் கிடைக்காது. யார் யார் எந்தத் தேதி வரை இருப்பார்கள் என்று செப்டம்பரிலேயே ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். முதலாளி நேரில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

ஷிப்மென்ட்_டேட்
லைன் மாஸ்டர் அண்ணா சொல்வது முழுக்கச் சரி. நான் போட்டது காலண்டர் கணக்கு மட்டும். அப்படியானால் எல்லாம் பத்து நாள் முன்னால் வர வேண்டும். நூல் செப்டம்பர் 14, கோரா சாயப்பட்டறைக்கு 20 தொடங்கி, வெள்ளைத் துணி அக்டோபர் முதல் வாரத்தில், தையல் 12-ஆம் தேதி. இதைவிட முக்கியம் லேப் டிப். கறுப்புக்கு அப்ரூவல் ஆகஸ்டுக்குள் கையில் இருக்க வேண்டும். பையர் ஆட்கள் பலர் ஆகஸ்டில் லீவில் போய்விடுவார்கள், மெயிலுக்குப் பதிலே வராது. ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

கணக்கு_நோட்டு
அப்போது பணக் கணக்கும் மாறுகிறது, இன்னும் இறுக்கமாகிறது. டையிங் கூலி, நாலு வாரச் சம்பளம், போனஸ் எல்லாம் அக்டோபரிலும் நவம்பர் முதல் வாரத்திலும் ஒன்றாக வந்து நிற்கும். சரக்கு நவம்பர் 3-க்கே பெட்டியில் ரெடி, ஆனால் 18 வரை கோடவுனில் சும்மா கிடக்கும். அந்தப் பதினைந்து நாளுக்கும் நீங்கள்தான் வட்டி கட்ட வேண்டும்.

பவர்டேபிள்
நேற்று ராத்திரி தம்பியோடு உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு சார்ட்டில் எழுதினோம். அக்டோபர் கடைசி வாரத்தில் பணம் எவ்வளவு குறையும் என்று பார்த்தபோது எனக்கே பகீர் என்றது. ஜாப் ஒர்க்கில் வாரா வாரம் பணம் வந்துவிடும், இப்படி நாலு மாதம் வெளியே நிற்காது.

ஒரு யோசனை தோன்றியது. வெள்ளை 10,000 பீஸ் முதலில் முடிந்துவிடும். அதை மட்டும் அக்டோபர் கடைசியில் தனியாக அனுப்பலாமா? பணமும் முன்னாலேயே வரும், லைனில் நெருக்கமும் குறையும். முதல் ஆர்டரிலேயே பையரிடம் இப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

ஷிப்மென்ட்_டேட்
கேட்கலாம், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இப்போதே கேட்க வேண்டும். அக்டோபரில் கேட்டால் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று படிப்பார்கள். ஜூலையில் கேட்டால் இவருக்குத் தேதி தெரிகிறது என்று படிப்பார்கள். ஆர்டர் ஷீட்டில் பார்ஷியல் ஷிப்மென்ட் (சரக்கைப் பிரித்து அனுப்புவது) பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்.சி. (பையரின் வங்கி தரும் பண உறுதி) என்றால், அதில் 'அனுமதி இல்லை' என்று இருந்தால் வங்கி ஏற்காது. கடையில் இரண்டு கலரும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்றால் மறுப்பார்கள். அப்படி மறுத்தால் 20,000-ஐயும் நவம்பர் முதல் வாரக் கப்பலில் எடுத்துக்கொள்வார்களா என்று அடுத்ததாகக் கேளுங்கள். இரண்டு கேள்வியையும் ஒரே மெயிலில் போடாதீர்கள்.

சாயப்பட்டறை
இரண்டு கலரையும் தனித்தனியாக அனுப்புவது என்று முடிவானால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கறுப்பு 2,200 கிலோவை 440 கிலோவாக ஐந்து லாட் போட்டால் ஒரே மெஷினில் முடித்துவிடலாம், சின்ன மெஷினே வேண்டாம். செப்டம்பர் 20-இலிருந்து 25 வரை வெள்ளைக்கும், அதற்குப் பின் கறுப்புக்கும் மெஷின் ஒதுக்குகிறேன். கோரா சொன்ன நாளில் வர வேண்டும், அது மட்டும்தான் நான் கேட்பது.

பவர்டேபிள்
மெயில் இன்று காலை அனுப்பியாகிவிட்டது. லேப் டிப் நாளை மறுநாள் கூரியரில் போகிறது. திங்கட்கிழமை வங்கிக்குத் தம்பியும் வருகிறான். பழைய பஸ்ஸ்டாண்ட் அண்ணன் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லைனில் ஸ்டைல் மாற்றும் முடிவைச் சூப்பர்வைசரிடமே விட்டுவிட்டோம். அவர் போன் பண்ணிச் சொன்னால் போதும், கேட்க வேண்டியதில்லை.

பழைய_பஸ்ஸ்டாண்ட்
அப்படியானால் அந்தச் சார்ட்டை ஆபீஸ் ரூமில் ஒட்டாதீங்க. கட்டிங் டேபிளுக்கு எதிரில் ஒட்டுங்க. ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்க.